பாதி வழியில் இறங்க முடியாத வள்ளம்

இப்போதெல்லாம் படுக்கையில் கிடப்பவரைப் புரட்டிப் போடுவதற்குச் செல்போன் மணியடிக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருகிறாள், இருபது வயதுதான் இருக்கும். மணியடித்ததும் எழுந்துபோய் அவரைப் புரட்டிவிட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறாள். நான் முப்பது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருந்தவள் என்று தெரிந்ததும், "அலாரம் இல்லாத காலத்துல எப்படிம்மா பாத்தீய?" என்று கேட்டாள். நான் பெருமையாகத்தான் ஆரம்பித்தேன். சொல்லிக்கொண்டே வரும்போது மாரிச்செல்வியின் ஞாபகம் வந்து, பேச்சு பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பெண்ணிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஊசி போடக் கற்றேன், திட்டு வாங்கக் கற்றேன், நின்றுகொண்டே தூங்கக் கற்றேன். பிறகு பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. தண்டுவடத்தில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர்களை ஓரளவு தேற்றி வீட்டுக்கு அனுப்புவார்கள். அதன்பின் வாரம் ஒருமுறை வீடு தேடிப்போய்ப் பார்ப்பது என் வேலை. தென்னை ஏறி விழுந்தவர்கள், லாரியில் மூட்டை அடுக்கும்போது சரிந்தவர்கள் என்று ஆற்றங்கரை ஊர்களில் எனக்கு நிறைய வீடுகள் இருந்தன. டவுன் பஸ்ஸில் போய் இறங்கி, குடையும் பையுமாக வரப்பில் நடந்து போவேன்.

அந்த வேலையின் உயிர் ஒன்றே ஒன்றுதான்: புரட்டிப் போடுவது. உணர்வில்லாத உடம்பு ஒரே பக்கமாகக் கிடந்தால், அழுந்தும் இடத்தில் ரத்த ஓட்டம் நின்று தோல் செத்துப்போகும். முதலில் சிவக்கும், பிறகு புண்ணாகும், புண் எலும்பு வரை போய்விட்டால் ஆளைக் காப்பாற்றுவது கஷ்டம். அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். பழைய வேட்டியை நாலாக மடித்து இடுப்புக்குக் கீழே போட்டிருப்போம். அதைப் பிடித்துத் தூக்கித்தான் நகர்த்த வேண்டும், இழுத்தால் தோல் உரியும். இரண்டு முட்டிக்கும் நடுவில் தலையணை, குதிகால் பாயில் படாதபடி ஒரு துணிச்சுருணை. முடித்ததும் சிவந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி எடுக்க வேண்டும். வெளுத்துவிட்டுப் பிறகு சிவந்தால் பயமில்லை. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் ஆபத்து ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

மாரிச்செல்விக்கு இதை நான் சொல்லிக்கொடுத்தபோது அவளுக்குப் பதினொரு வயது. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அவள் அப்பா சுடலைமுத்து தேங்காய் வெட்ட ஏறி விழுந்தவர். அம்மா அதற்கு முன்பே இறந்துபோயிருந்தாள். வீட்டில் வேறு ஆள் கிடையாது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவள் அப்பாவின் கட்டிலருகே பீடித்தட்டோடு உட்கார்ந்தாள். பீடி சுற்றுவாள், நேரம் வந்ததும் தட்டை இறக்கி வைத்துவிட்டுப் புரட்டுவாள். ரேடியோச் செய்தி ஒரு நேரம், பள்ளிக்கூட மணி ஒரு நேரம், அரிசி ஆலைச் சங்கு ஒரு நேரம் என்று கணக்கு வைத்திருந்தாள். ராத்திரிக்கு மட்டும் நான் ஒரு அலாரக் கடிகாரம் கொடுத்திருந்தேன். இரண்டு மணி நேரம் இரண்டு மணி நேரமாகத்தான் அந்தப் பிள்ளை நாலு வருடம் தூங்கினாள்.

நாலு வருடத்தில் சுடலைமுத்துவுக்கு ஒரு புண் வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே இது நடக்காத காரியம். வெளியூரிலிருந்து யாராவது டாக்டர் வந்தால் நான் அவர்களை அந்த வீட்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு போவேன். ஏதோ நான் பெற்ற பிள்ளை முதல் மார்க் வாங்கியதைப் போல நின்றுகொண்டிருப்பேன். செல்வியின் தலையைத் தடவி, "நீ ஒருத்தி இல்லைன்னா உங்கப்பா இல்ல" என்பேன். அவள் வெட்கப்பட்டுச் சிரிப்பாள். அது பாராட்டு என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் பெரிய டாக்டருக்கு வேறு கண். அவர் பென்சிலால்தான் எழுதுவார், சத்தமாகப் பேசவே மாட்டார். அவர் முடிவை யாராவது மறுத்தால் கோபப்படாமல் ஒரு நோட்டை நகர்த்தி, "எழுதிருங்க சிஸ்டர்" என்பார். நம் மறுப்பை நாமே எழுத வேண்டும். அவர் அதை நிதானமாகப் படித்து, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, தான் நினைத்ததைச் செய்வார். எழுதும்போதே பாதி மறுப்புகள் நமக்கே அசட்டுத்தனமாகத் தெரியும். கெட்டிக்கார மனுஷன்.

ஒரு நாள் என் நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தவர், "இந்தப் பிள்ளைங்க ஒருத்தருக்கொருத்தர் தெரியுமா?" என்று கேட்டார். எந்தப் பிள்ளைகள் என்றேன். பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டினார். 'பார்த்துக்கொள்பவர்: மகள், 15.' 'பார்த்துக்கொள்பவர்: மகன், 14.' என் கையெழுத்துதான். ஐந்து வட்டம் இருந்தது, அதில் இரண்டு ஒரே வீட்டு அண்ணனும் தங்கையும். அந்த நாலு வீட்டையும் வாரம் தவறாமல் பார்க்கிறவள் நான், எனக்கு அது ஒரு வரிசையாகக் கண்ணில் பட்டதே இல்லை.

ஒரு நாளாவது கட்டிலை விட்டு வெளியே வந்து ஒருவரோடொருவர் பழகட்டும் என்று டாக்டர் சொல்ல, முதலில் அந்த ஐந்து பேரையும் பாபநாசத்துக்கு ஒருநாள் குளிக்கக் கூட்டிப்போனோம். அருவியில் தலையைக் காட்டிவிட்டு, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் மூன்று பேரைக் காணோம். பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். மற்ற இருவரும் சாப்பிட்டுவிட்டு ஓடினார்கள். டாக்டரிடம் போய் இது நடக்காது என்றேன். அவர், "வள்ளத்துல கூட்டிப்போவோம். பாதி வழியில எறங்க முடியாதுல்லா" என்றார்.

நான் நோட்டை நானே இழுத்துக்கொண்டேன். கடல், காற்று, பொறுப்பு என்று ஒரு பக்கம் எழுதினேன். எழுதாத காரணம் ஒன்று இருந்தது. செல்வி இரண்டு நாள் வீட்டில் இல்லாமல் சுடலைமுத்துவுக்குப் புண் வந்துவிட்டால் என் நாலு வருடப் பெருமை போய்விடும். அதை எப்படி எழுதுவது? அவர் படித்துக் கையெழுத்துப் போட்டார். "ஒவ்வொரு வீட்டுக்கும் இன்னொரு ஆளுக்குச் சொல்லிக் குடுங்க. ஒரு வாரம் உங்க முன்னால செஞ்சு காட்டட்டும். அதுக்கப்புறம் போங்க" என்றார்.

மற்ற மூன்று வீட்டுக்கும் அத்தை, சித்தப்பா என்று ஆள் கிடைத்தது. செல்வி வீட்டுக்குத்தான் யாருமில்லை. கடைசியில் சுடலைமுத்துவே கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டு ஒரு பெயரைச் சொன்னார்: பரமசிவம். இரண்டு பேரும் ஒன்றாக மரம் ஏறியவர்கள். விழுந்த அன்றைக்கு அந்த மரத்தில் ஏற வேண்டியது பரமசிவத்தின் முறை. காய்ச்சல் என்று அவர் ஒதுங்கியதால் சுடலைமுத்து ஏறினார். அதற்குப் பிறகு பரமசிவம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நான் போய்க் கூப்பிட்டதும் மறுபேச்சு இல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

அந்த ஒரு வாரம் அவரைச் செல்வி படுத்தினபாடு கொஞ்சமில்லை.

"மாமா, இழுக்காதீய. தூக்குங்க. இது என்ன மட்டையா?"

"பையத்தான தூக்குதேன் தாயி."

"முட்டிக்கு நடுவுல தலையணை எங்க?"

"வைக்கேன், வைக்கேன்."

சுடலைமுத்து சிரித்தார். அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். செல்வி மட்டும் சிரிக்கவில்லை. கிளம்புகிற அன்று காலையில் அலாரக் கடிகாரத்தைப் பரமசிவத்தின் கையில் வைத்து, "சிவப்பு வெளுக்கலன்னா உடனே பஸ் ஏறி வந்து சொல்லணும்" என்றாள். கடலில் இருப்பவளிடம் பஸ்ஸில் வந்து எப்படிச் சொல்வது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

புன்னைக்காயலில் தாமிரபரணி கடலில் கலக்கிறது. சனிக்கிழமை அந்த முகத்துவாரத்தில் பழக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பாய் விரித்துத் திருச்செந்தூர் வரை போக வேண்டும், அங்கிருந்து பஸ்ஸில் ஊருக்கு. இதுதான் ஏற்பாடு. வள்ளம் மிக்கேலுடையது. முப்பத்தைந்து வயது இருக்கும், சிடுசிடுப்பான ஆள். எங்களைப் பார்த்ததும், "நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார். ஐந்து பேரும் ஆற்றங்கரைப் பிள்ளைகள், தெரியும் என்றார்கள். என்னைப் பார்த்தார். நான் சைவ வீட்டில் பிறந்து வளர்ந்தவள். மீன் வாடையிலேயே அரை உயிர் போயிருந்தது. "சிஸ்டர் நடுவுல உக்காந்துக்கிடுங்க, எதையும் தொடாண்டாம்" என்றார். அந்த இரண்டு நாளும் என் வேலை அதுதான்.

பாயை ஏற்றச் சொன்னபோது அவரே அசந்துபோனார். வழக்கமாகப் புதியவர்கள் ஆளுக்கொரு பக்கம் வெட்டி வெட்டி இழுப்பார்களாம். இந்த ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று ஒரே மூச்சில் தூக்கினார்கள். பாய் கட்டிய மூங்கில் அதிராமல் மேலே போனது. "எங்கன பழகுனீய?" என்று கேட்டார். கல்லிடைக்குறிச்சி முருகன், முதுகெலும்பு முறிந்து படுத்த அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவன், "எங்கம்மாவ இப்படித்தான் கட்டில்ல ஏத்துவேன், ஒத்தையில. நாலு கை கூட இருந்தா லேசா இருக்கு அண்ணாச்சி" என்றான். மிக்கேல் அடுத்த கயிற்றை எடுத்தார்.

பாயின் கீழ்மூலையைப் பிடித்திருக்கும் கயிற்றுக்குத் தாமான் என்று பெயர். காற்றுக்குத் தக்கபடி அதை இழுக்கவும் நெகிழவிடவும் வேண்டும். அதைச் செல்வியிடம் கொடுத்தார். முருகனுக்கும் எஸ்தர் என்ற பெண்ணுக்கும் காற்று வரும் பக்கம் உட்கார்ந்து பாரம் கொடுக்கும் வேலை. மற்ற இருவரும் அந்த அண்ணன், தங்கை. அண்ணன் மிக்கேலோடு சுக்கான் பிடித்தான், தங்கை தண்ணீர் இறைத்தாள். சனிக்கிழமை முழுக்க முகத்துவாரத்தில் போய்ப் போய்த் திரும்பினார்கள். நடுநடுவே ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கரையைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஏன் என்று மிக்கேலுக்குப் புரியவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். புரட்டுகிற நேரம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கடலுக்குள் போனோம். வாடைக்காற்று பின்னாலிருந்து நன்றாகத் தள்ளியது. ஒரு மணி நேரம் போயிருக்கும், முருகனுக்குக் குமட்டியது. எழுந்து எதிர்ப்பக்கம், பாய் சாய்ந்திருந்த பக்கம் போய்க் குனிந்து வாந்தி எடுத்தான்.

வள்ளத்தில் ஒருவன் வாந்தி எடுத்தால் மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளி உட்கார்வார்கள். இந்தப் பிள்ளைகள் அப்படியா? எஸ்தர் பாய்ந்துபோய் அவன் நெற்றியைப் பிடித்தாள். அந்தத் தங்கை இறைப்பதை விட்டுவிட்டு முதுகைத் தடவ ஓடினாள். அண்ணன் சுக்கானை விட்டுவிட்டுக் குடிதண்ணீரோடு வந்தான். நாலு பேர் பாரமும் ஒரே பக்கம் சேர்ந்தது. அந்த நேரம் பார்த்துக் காற்று ஒரு தள்ளு தள்ள, வள்ளம் அந்தப் பக்கமே சாய்ந்து கடல் உள்ளே வந்தது.

"தாமான விடு! ஏ பிள்ள, விடு!" என்று மிக்கேல் கத்தினார்.

செல்வி விடவில்லை. காலை மரத்தில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தாள். அவள் இழுக்க இழுக்க வள்ளம் இன்னும் சாய்ந்தது. நான் கந்தனையும் கூப்பிட்டேன், அந்த ஊர் மாதாவையும் கூப்பிட்டேன். மிக்கேல் தாவிவந்து அவள் விரல்களைப் பிரித்தார். கயிறு ஓடியது, பாய் படபடவென்று அடித்தது, வள்ளம் நிமிர்ந்தது. எல்லோரும் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்திருந்தோம்.

"விடுன்னா விடணும்லா? என்ன பிடி அது, உடும்புப் பிடி!"

"விட்டா எல்லாரும் போயிருவோம்னு நெனச்சேன்" என்றாள் செல்வி. உள்ளங்கை உரிந்திருந்தது. பிறகு என்னைப் பார்த்து, "எதப் பிடிச்சாலும் விடாதன்னு நீங்கதான அக்கா சொல்லியிருக்கீய. நான் ஒருத்தி விட்டா அப்பா இல்லன்னு" என்றாள்.

என் வாயிலிருந்து வந்த வார்த்தைதான்.

மிக்கேல் திட்டி முடித்ததும் தண்ணீரை இறைக்கச் செய்தார். பிறகு செல்வியிடமே தாமானைத் திரும்பக் கொடுத்து, விடச் சொன்னார். விட்டாள். பாய் படபடத்தது, வள்ளம் நின்றது, ஒன்றும் ஆகவில்லை. "இப்பம் பிடி. இப்பம் விடு." இப்படிப் பத்துத் தடவை. அடுத்து எஸ்தரிடம் கொடுக்கச் சொன்னார், அவள் முருகனிடம் கொடுத்தாள். யாருக்காவது முடியாமல் போனால் பக்கத்தில் இருக்கிற ஒரே ஒரு ஆள் மட்டும் பார்க்க வேண்டும், மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்று பிள்ளைகளே பேசிவைத்துக்கொண்டார்கள். "இது ஒங்களுக்கு மட்டும் சொல்லித் தரவேண்டியிருக்கு" என்று மிக்கேல் தலையில் அடித்துக்கொண்டார்.

கயிறு கைமாறிய கொஞ்ச நேரத்தில் செல்வி தூங்கிவிட்டாள். ஈரப் பாவாடையோடு, வள்ளத்தின் அடிப்பலகையில், வாயைத் திறந்துகொண்டு. வெயில் ஏறியது. எஸ்தர் சத்தமில்லாமல் தாவணி முந்தியை விரித்து அவள் முகத்துக்கு நிழல் பிடித்தாள். புரட்டுகிற நேரம் வந்தது. நாலு பிள்ளைகளும் கரைப்பக்கம் ஒருமுறை பார்த்தார்கள். அவளை யாரும் எழுப்பவில்லை. திருச்செந்தூர்க் கோபுரம் தெரிந்த பிறகும் மிக்கேல் உடனே கரைக்குத் திருப்பாமல், கடலுக்குள்ளேயே ஒரு சுற்றுப் போனார். ஏன் என்று நான் கேட்டதற்கு, "காத்து சரியில்ல" என்றார். காற்று நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் சேரன்மகாதேவியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் செல்வி ஓட ஆரம்பித்தாள். நானும் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அவளைவிட எனக்குத்தான் பயம். பரமசிவம் குடித்திருந்தால்? தூங்கிப்போயிருந்தால்?

சுடலைமுத்து இடதுபக்கமாகப் படுத்திருந்தார், எண்ணெய் வைத்துத் தலை சீவியிருந்தது. முட்டிக்கு நடுவில் தலையணை, குதிகாலுக்குத் துணிச்சுருணை. பரமசிவம் கண் சிவந்து கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்தார். அலாரக் கடிகாரம் மடியில் இருந்தது. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

செல்வி நேராகப் போய் அப்பாவைப் புரட்டினாள். இடுப்பு எலும்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். வெளுத்தது. முதுகின் அடியில் அழுத்தினாள். வெளுத்தது. குதிகால், கணுக்கால், தோள் எல்லா இடமும் பார்த்தாள். நானும் கூடக் குனிந்து பார்த்தேன். ஒரு பழுதில்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவள் சந்தோஷப்படுவாள் என்று நிமிர்ந்தேன். அவள் தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, விம்மி விம்மி அழுதாள்.

"நல்லாத்தான பாத்திருக்கேன் தாயி? எதுக்கு அழுத?" என்று பரமசிவம் பதறினார்.

"நல்லாத்தான் மாமா பாத்திருக்கீய."

"இனி ராத்திரி ராத்திரி நான் வாரேன். முன்னாடியே வந்திருப்பேன். எனக்கா வரக் கூச்சம். யாராச்சும் ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்."

செல்வி அழுகையை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கணக்குத் தெரியாத பிள்ளை டீச்சரிடம் கேட்பதைப் போலத்தான் கேட்டாள்.

"அக்கா, நாலு வருசமா மாமா ரெண்டு தெரு தள்ளித்தான இருந்தாவ?"

ஆமாம் என்றேன். வாரம் தவறாமல் அவர் வீட்டைத் தாண்டித்தான் நான் நடந்து வந்திருக்கிறேன்.

ஜூன் மாதம் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க நானே கூடப் போனேன். அவளைவிட நாலு வயது சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும், பரவாயில்லை என்றாள். தலைமையாசிரியை ஒரு படிவத்தைக் கொடுத்தார். இடையில் படிப்பை நிறுத்திய காரணம் என்று அதில் ஒரு கட்டம் இருந்தது. 'தந்தையின் உடல்நிலை' என்று எழுதினால் போதும் என்றார்.

நான் பேனாவை வாங்கி, "உதவிக்கு வேறு ஆள் உண்டா என்று வீட்டுக்கு வந்த நர்ஸ் கேட்கவில்லை" என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.

"இப்படியெல்லாம் எழுதக்கூடாது சிஸ்டர், மேல கேப்பாங்க" என்றார் அவர்.

"கேக்கட்டும் டீச்சர். அப்பவாவது யாராச்சும் கேக்கட்டும்" என்றேன்.